வானத்திலே குழாய், வழியிலே கழன்ற ஊசி!

தறியிலே ஒரு நூல் அறுந்தால் ஓட்டம் நிற்கும். நெய்பவன் குனிந்து முடிச்சுப் போட்டால்தான் சேலை வளரும். 1734-ல் நெசவாளர்க்கென எழுந்த சின்னத் தறிப்பேட்டைதானே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை! இங்குள்ள தோழர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டுவதில்லை. அதே பாடத்தை 200 ஆண்டு கழித்து வானத்திலே கற்றார் ஒருவர். அவர்தான் ஆலன் காப்ஹாம்.

1894-ல் இலண்டனில் பிறந்தவர். முதல் உலகப் போரிலே அவருக்குக் கிடைத்த முதல் வேலை விமானமா? இல்லை, படைக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பிரிவிலே! 1917-ல்தான் விமானப் படைக்கு மாறினார். பின்னர் ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை பறந்து மீண்டார். 1926-ல் ஆஸ்திரேலியா சென்று திரும்பி, தேம்ஸ் ஆற்றிலே, பாராளுமன்றத்தின் எதிரிலேயே விமானத்தை இறக்கினார். ‘சர்’ பட்டம் தேடி வந்தது. அந்தப் பயணத்திலேதான், இயந்திரத்தைக் கண்போலக் காத்த எலியட், ஈராக்கின் மேலே பறக்கையில், தரையிலிருந்து பாய்ந்த துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பட்டம் ஒருவருக்கு, பாடை ஒருவருக்கு!

நெடுந்தொலைவு பறந்தவருக்கு ஒரு உண்மை புலப்பட்டது. டாங்கி நிறைய எண்ணெயை ஏற்றினால் விமானம் எழும்பத் திணறும். குறைத்தால் வழியிலே வறண்டுவிடும். குறைத்து ஏற்றி எழும்பி, வானிலே நிரப்பிக்கொண்டால் என்ன? மேலே ஒரு விமானம் குழாயைத் தொங்கவிட, கீழே பறப்பவர் கையாலே பிடித்துப் பொருத்தினார்கள்!

1934 செப்டம்பர் 22. இங்கிலாந்திலிருந்து எங்கும் இறங்காமல் கராச்சி வரை பறப்பது திட்டம். வானிலே எண்ணெய் பெற்றார். மால்ட்டா அருகே மீண்டும் பெற்றார். வெற்றி கைக்கெட்டிய வேளையிலே இயந்திரம் ஓய்ந்தது. ஏன்? விசையைக் கட்டுப்படுத்தும் கம்பியிணைப்பிலே ஒரு காட்டர் பின், விரல்நீளம்கூட இல்லாத ஊசி, கழன்றுவிட்டது! மால்ட்டாவிலே வயிறு உராயத் தரையிறங்கி உயிர் பிழைத்தார். அதே நாளில், அவருக்கு எண்ணெய் வார்த்துத் திரும்பிய விமானம், வால்பகுதியிலே ஒரு போல்ட் முறிந்து வீழ்ந்தது. அதிலிருந்தோர் மாண்டனர்.

காப்ஹாம் ஒடுங்கவில்லை. அதே 1934-ல் அவர் தொடங்கிய நிறுவனம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தது. அதற்குள் ஜெட் விமானங்கள் வந்தன. வேகமும் பெரிது, எண்ணெய்ப் பசியும் பெரிது. கையாலே குழாய் பிடிப்பது அங்கே நடக்குமா? 1949-ல் வழி பிறந்தது. குழாயின் நுனியிலே புனல்போன்ற கூடை. பின்னால் வரும் விமானத்தின் முன்புறத்திலே நீட்டிய குழல். குழல் கூடைக்குள் புகுந்தால் பூட்டிக்கொள்ளும், எண்ணெய் பாயும். அவ்வாண்டு ஆகஸ்டு 7-ல் ஒரு மீட்டியர் ஜெட், இறங்காமலே 12 மணி 3 நிமிடம் பறந்தது!

1973-ல் காப்ஹாம் மறைந்தார். முறை மறையவில்லை. 1982 பாக்லாந்துப் போரிலே ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தை இலக்குக்கு அனுப்ப 11 எண்ணெய் விமானங்கள் எழும்பின. 2003-ல் இந்திய விமானப் படையும் இல்யூஷின் எண்ணெய் விமானங்களைப் பெற்றது. 2020-ல் தஞ்சையிலே அமைந்த சுகோய் அணியின் விமானங்களுக்கும் இதே கூடையும் குழலும்தான்.

வானை அளந்தவரின் பெயரை ஏடுகள் பொறித்தன. அந்த ஊசியை முடுக்கும் கையின் பெயரை எவர் எழுதினார்? கராச்சிப் பயணத்தை முடித்து வைத்தது புயலல்ல, பகைவனல்ல, ஒரு காட்டர் பின்! பட்டறையிலே அதை வளைத்துப் பூட்டும் தோழனின் கூலியைக் குறைத்து, ஓய்வைப் பறித்து, வானத்தை வெல்லக் கிளம்புவோர் எவராயினும், மால்ட்டாவை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்!