பொறுப்பேற்ற நங்கை: பிளாரென்ஸ் நைட்டிங்கேல்

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளரிடையே நடந்து செல்லும் ஒரு மாதின் ஓவியத்தை நம்மிற் பலர் இளமையிலேயே கண்டிருப்போம். பாடநூலில் அதனைக் கண்டு, அவ்வம்மையார் இரக்கமே வடிவானவர் என்று கற்று, அவ்வளவில் அவரை விட்டுவிடுகின்றோம். அவர்பால் இரக்கம் இருந்தது உண்மையே. ஆயினும் அவர் எழுதியவற்றையும் செய்தவற்றையும் ஆராய்வார்க்கு, அவருள்ளத்தை வாணாள் முழுதும் வருத்திய வினா ஒன்று புலனாகும். ஒரு செயல் பலர் கையில் விடப்படுங்கால் அதனை முடிப்பார் யாவர்? முடியாதொழியின் எவரைக் கேட்பது? அவ்வம்மையார் வரலாற்றை இவ்வினாவைப் பற்றிக்கொண்டே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலச் செல்வர். பிறந்த ஊரின் பெயரே மகளுக்குப் பெயராயிற்று. நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த தமக்கைக்கும் அந்நகரின் பழங் கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப்பி என்பதையே இட்டிருந்தனர். தந்தையார் தாமே இருவருக்கும் கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் பயிற்றினார். இளையவருக்குக் கணிதத்தில் இருந்த வேட்கை தாயாருக்கு உவப்பாக இல்லை. 1837-இல், பதினாறு வயதில், கடவுள் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக உணர்ந்து அதனைக் குறித்து வைத்தார். எத்தொண்டு என்பது தெளிவுபடப் பல்லாண்டுகள் சென்றன; நோயாளரைப் பேணுந் தொண்டே என்று தெளிந்தபின் வீட்டார் இசைய மேலும் பல்லாண்டுகள் சென்றன. அக்காலத்து ஆங்கில நாட்டில் மருத்துவமனைத் தாதியர் குடிக்கும் ஒழுங்கீனத்திற்கும் பெயர் போனவராதலின், வீட்டாரின் அச்சத்தை நாம் முற்றும் பழித்தல் இயலாது. 1851-இல் செருமானிய நாட்டுக் கைசர்ஸ்வெர்த்தில் பிளீட்னர் போதகர் நடத்திய இல்லத்தில் ஏறத்தாழ மூன்று திங்கள் பயின்றார். 1853-இல் இலண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற நற்குடி மகளிர்க்கென இருந்த சிறு மருத்துவ இல்லத்தின் தலைமையை ஏற்றார். குழுக்களோடு போராடும் கலையை அவர் முதன்முதற் கற்றது அங்கேதான்.

1854-இல் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கிக்குத் துணையாக ருஷியாவோடு போர் தொடுத்தன. செப்டம்பரில் ஆல்மா ஆற்றங்கரைப் போர் நிகழ்ந்தது. காயமுற்றோரும், அவரினும் மிகப் பலராய வாந்திபேதிக்காரரும் கருங்கடலைக் கடந்து கான்ஸ்டான்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். துருக்கியர் ஈந்த பெரும் படைவீடொன்றே அங்கு மருத்துவமனையாக மாறியிருந்தது. அங்கு நிகழ்ந்த கொடுமைகளை டைம்ஸ் பத்திரிகை வெளியிடவே, ஆங்கில நாடு கொதித்தெழுந்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேல் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி, 38 மகளிரை உடனழைத்துக்கொண்டு, அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்ட அம்மையார் நவம்பர் 4-ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

அங்கே அவர் கண்டதை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஸ்குட்டாரியிற் கொடியவர் எவருமிலர், அதுவே வியப்பு. இராணுவ வைத்தியர் மருந்தும் உணவும் இன்னவென்று எழுதுவார். எழுதியவற்றைக் கொடுத்தல் பண்டகசாலை அதிகாரியின் கடன். பண்டகசாலைக்கு வேண்டும் உணவுப் பொருளை வாங்கித் தருதல் மற்றோர் இலாகாவின் கடன். கூரையும் சுவரும் பொறியாளர் கடன். இலண்டனிலோ, போருக்கென ஓர் அமைச்சரும் படையின் செலவுக்கென மற்றோர் அமைச்சருமாக இருவர் இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையில் ஒரு பகுதியைச் செய்து, எஞ்சியதை அடுத்தவர் செய்வார் என்றிருந்தனர். நோயாளியோ அப்பகுதிகளுக்கு நடுவே கிடந்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். மருத்துவமனைக்கு வரும் போர்வீரன் தன் சட்டையும் கத்தியும் முட்கரண்டியும் தானே கொண்டுவருதல் வேண்டும் என்பது விதி. ஆதலின் அவற்றைக் கொடுக்கும் கடமை பண்டகசாலைக்கு இல்லை. ஆனால் கிரிமியாவிற் கரையிறங்கியபோதே, மேலதிகாரிகளின் ஆணைப்படி வீரர் தம் முதுகுப்பைகளை விட்டு வந்தனர். பையை விடச் சொன்னவர் விதியை மாற்றவில்லை. விதியைக் காப்பவர் பை போனதைக் கருதவில்லை. விளைவு என்னை? குருதி தோய்ந்த ஆடையோடு கிடந்த ஆயிரக்கணக்கானோர்க்கு மாற்றுச் சட்டை கொடுத்தல் எவர் கடமையும் ஆகாதொழிந்தது. பின்னர் அம்மையாரின் வேண்டுகோளால் அரசாங்கம் அனுப்பிய 27,000 சட்டைகள் வந்திறங்கிய பின்னும், குழுவொன்று கூடிப் பார்வையிட்டாலன்றி மூட்டைகளைப் பிரிக்க இயலாது என்று அதிகாரி மறுத்தமையின், மூன்று வாரம் அவை கட்டியபடியே கிடந்தன என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

அம்மையார் செய்தது யாது? டைம்ஸ் நிதியிலிருந்தும் தம் கைப்பொருளிலிருந்தும் பணம் எடுத்து, கான்ஸ்டான்டிநோபிள் கடைத்தெருவிற் சட்டை, கரண்டி, தட்டு, துடைப்பம் எல்லாம் வாங்கினார். ஆயினும் வைத்தியர் கையெழுத்தின்றி ஒன்றையும் கொடாதபடி தம் தாதியரைக் கட்டுப்படுத்தினார். முதல் நாட்களில் வைத்தியர் அழையாமையால் தாதியர் சும்மா இருக்க நேர்ந்தது. அப்போதும் அவர் விதியை மீறவில்லை. அப்பொறுமை எனக்கு விளக்கினும் பெரியதாகத் தோன்றுகின்றது. (அவ்விளக்குத்தானும் ஓவியர் வரைவதுபோன்ற கிரேக்க விளக்கன்று, துருக்கியர் வழங்கும் மடிப்புக் காகிதக் கூண்டு விளக்கு.)

அவ்வாண்டு டிசம்பரில் மேலும் நூற்றுக்கணக்கான நோயாளர் வருவர் என்ற செய்தி வந்தது. பாழடைந்து கிடந்த சில கூடங்களைப் பழுது பார்த்தல் வேண்டும். யார் ஆணையிடுவது? தூதரின் மனைவியார் முன்வந்து வேலையாட்களை அமர்த்தினார். வேலையாட்கள் கூலி காரணமாக வேலைநிறுத்தம் செய்யவே, தூதர் தமக்கும் அவ்வேலைக்கும் தொடர்பில்லை என்று கைவிட்டார். அம்மையார் ஒருவரையும் வினவாது, 200 ஆட்களைத் தாமே அமர்த்திக் கூடங்களைச் செப்பனிட்டார். செலவைப் போர் இலாகா பின்னர் ஈடுசெய்தது.

நிற்க. இதுகாறும் கூறியதைப் படிப்போர், ஒருவர் வந்தார், அனைத்தும் சீராயிற்று என்று கருதிவிடுதல் கூடும். உண்மை அதுவன்று. அம்மையார் வந்தபின்னும் குளிர்காலம் முழுவதும் சாவு பெருகியது. 1855 பிப்ரவரியில், அங்குச் சிகிச்சை பெற்றோருள் 100-க்கு 42 பேர் மாண்டனர். படைவீட்டின் அடியில் அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்கள் நாறிக்கிடந்தன. அம்மையாருக்குத் தாதியர்மேல் அதிகாரமிருந்தது, சாக்கடைமேல் இல்லை. சாக்கடையோ எவர் பொறுப்பிலும் இல்லை. அம்மார்ச்சில் டாக்டர் சதர்லண்டு, பொறியாளர் ராலின்சன் முதலியோர் அடங்கிய சுகாதாரக் குழு வந்து சேர்ந்தது. முன்வந்த குழுக்கள் அறிக்கை எழுதிச் சென்றன. இக்குழுவுக்கோ, ஆணையிடுவதோடு அமையாது, ஆணை நிறைவேறுவதைக் கண்ணாற் காணுமளவும் அகலலாகாது என்று அமைச்சர் பான்மூர் பணித்திருந்தார். அவர்கள் கால்வாய்களைக் கழுவினர், நீர்வழியில் கிடந்த குதிரைப் பிணத்தை அகற்றினர், சுவர்களுக்குச் சுண்ணாம்படித்தனர். ஜூன் மாதத்திற்குள் சாவு 100-க்கு 2 என்னும் அளவிற்கு இறங்கியது. வேலை பலர் கூடிச் செய்ததே. பொறுப்பு மட்டும் எங்கே நிற்கின்றது என்பது தெளிவாயிருந்தது.

தம் அதிகாரத்தைப் பிறரோடு பகிர்வதில் அம்மையார் கடுமை காட்டினார் என்பதையும் மறைத்தல் கூடாது. 1854 டிசம்பரில், அவரைக் கேளாமலே, மேரி ஸ்டான்லி என்னும் தோழியார் தலைமையில் மற்றொரு தாதியர் கூட்டத்தை ஹெர்பர்ட் அனுப்பிவிட்டார். இரண்டு தலைமை, இரண்டு கூட்டம். அம்மையார் சினந்து, பதவி துறப்பதாகவே எழுதினார். பழைய நட்பு முறிந்தது. இதில் அவர் பக்கமே முழு நியாயம் என்று யான் சொல்லேன். வந்த மகளிர் நல்லெண்ணத்தோடு வந்தவரே. எனினும், கிரிமியாவிலுள்ள மருத்துவமனைகள் தம் ஆட்சிக்கு உட்பட்டவையா என்ற ஐயம் அவரைப் போர் முடியுமளவும் அலைக்கழித்தது. அங்குச் சென்ற இடத்திற் காய்ச்சலால் உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. 1856 மார்ச்சில்தான், இராணுவ மருத்துவமனைத் தாதியர் அனைவர்க்கும் அவரே தலைவர் என்று படையின் பொது ஆணை வெளிவந்தது. அப்போது போர் முடிந்தே விட்டது எனலாம்!

ஆகஸ்டில் மிஸ் ஸ்மித் என்னும் பெயரில், எவருமறியாமல் ஊர் திரும்பினார். பிறகு வாழ்ந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளிற் பெரும்பகுதியை நோய்ப்படுக்கையில் இருந்தபடியே கழித்தார். படையின் சாவுக் கணக்குகளை வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரோடு ஆராய்ந்து, வண்ண வட்டப் படங்களாக வரைந்து அமைச்சர்க்குக் காட்டினார். 1858-இல் இலண்டன் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தது.

நோயாளரைப் பேணுதல் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1859-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சாயிற்று. காற்று, வெளிச்சம், தூய்மை என்று செல்லும் அந்நூலில், சிறு நிருவாகம் பற்றியதோர் அதிகாரம் உண்டு. அதனைப் படித்தபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. நீ இருக்கும்போது செய்வது, நீ இல்லாதபோதும் நடக்குமாறு செய்யாவிடின், உன் உழைப்பெல்லாம் வீண் என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டும் சான்று மருத்துவமனையிலிருந்து எடுத்ததன்று. 1859 செப்டம்பரில், அக்காலத்து உலகிற் பெரிய கப்பலாகிய கிரேட் ஈஸ்டர்ன் வெள்ளோட்டம் சென்றது. புகைபோக்கியைச் சூழ்ந்து நீர் காய்வதற்கென அமைத்த உறையின் குழாய் ஒன்று மூடப்பட்டிருந்தது, நீராவிக்குப் போக்கில்லை, உறை வெடித்து, அடுப்பெரிப்போர் சிலர் மாண்டனர். விசாரித்த நடுவர் குழு தற்செயலான மரணம் என்று தீர்ப்பளித்தது. குழாயே பொறுப்பாளி என்பதுபோலன்றோ தீர்ப்பு அமைந்தது என்று அம்மையார் ஏளனம் செய்கின்றார். அக்குழாயைத் திறந்து வைத்தல் யார் கடன் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதே அவருடைய துயரம்.

ஈண்டு என் சிறு அனுபவமொன்றைச் சொல்லுதல் பிழையாகாதென நம்புகின்றேன். விடுதி விழா ஒன்றிற்கு யானும் நண்பர் ஒருவரும் கூட்டாகச் செயலாளராயிருந்தோம். மண்டபத்தின் திறவுகோலை முன்னாள் மாலையே வாங்கி வைத்தல் வேண்டும். அவர் வாங்கியிருப்பார் என்று யானும், யான் வாங்கியிருப்பேன் என்று அவரும் நிம்மதியாக உறங்கினோம். மறுநாள் தலைமை தாங்க வந்த பெரியவர் அரைமணி நேரம் வெயிலில் நின்றார். அம்மையாரின் அதிகாரத்தைப் படித்தபோது முகம் சிவந்தது.

ஆயினும், எல்லாவற்றையும் ஒருவரே தம் கையாற் செய்தல் வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. நான் இல்லாவிடில் ஒன்றும் நடவாது என்று பெருமை கொள்வாரை அவர் இகழ்கின்றார். தாம் இல்லாதபோது பிறரெவரும் எடுத்து நடத்துமாறு பேரேடுகளையும் பண்டங்களையும் வைத்திருத்தலே பெருமை என்கின்றார். இவ்வறிவுரையை அவரே முற்றும் பின்பற்றினாரா என்பது ஐயமே. இராணுவச் சீர்திருத்தத்தின் சுமை முழுவதையும் ஹெர்பர்ட் என்னும் ஒரே நண்பரின் தோளில் ஏற்றினார். நோயுற்றிருந்த அவரை ஓயவும் விடவில்லை. போர் இலாகாவைத் திருத்தும் முயற்சி முடியாமலே 1861 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, ஏற்று நடத்த அடுத்தவர் எவரும் ஆயத்தமாயில்லை.

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மக்கள் அளித்த நிதியைக்கொண்டு தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். நம் நாட்டையும் அவர் மறந்திலர். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு 69 பேர் மாண்டுவந்த காரணத்தை ஆராய அமைந்த அரச ஆணைக்குழுவுக்காக, ஒவ்வொரு பாளையத்திற்கும் வினாத்தாள் அனுப்பி விடை திரட்டினார். 1863-இல் அறிக்கை வெளிவந்தது. சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. 1876-78-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, குடியானவர் நிலைமையையும் நீர்ப்பாசனத்தையும் பற்றி இடைவிடாது எழுதினார். இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

முதுமையிற் கண்ணொளி குன்றியது. 1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது, பெண்டிருள் முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், 90-ஆம் வயதில், இலண்டனிற் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தும் உறவினர் இசையவில்லை. ஹாம்ப்ஷயரிலுள்ள ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர் ஆலயத்து முற்றத்தில், பெற்றோரின் அருகே அடக்கம் செய்தனர். கல்லறையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறப்பு இறப்புக் காலங்களுமே பொறிக்கப்பட்டுள்ளன.