நாடு இல்லாதவர்களுக்கு ஒரு கடவுச்சீட்டு

பிள்ளைகளே, நீங்கள் விமானத்தில் போயிருக்கிறீங்களா? விமான நிலையத்தில் அம்மாவோ அப்பாவோ ஒரு சின்னப் புத்தகத்தைக் கவனமாகக் கையில் வைத்திருப்பார்கள். அதுதான் கடவுச்சீட்டு. வீட்டில் நாம் பாஸ்போர்ட் என்று சொல்லுவோம். அதை நமக்குத் தருவது நமது நாடு. அந்த நாடே நம்மைக் கைவிட்டால் என்ன செய்வது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

நூறு வருடங்களுக்கு முன் இலட்சக்கணக்கான மக்களுக்கு அப்படி நடந்தது. அவர்களுக்கு உதவியவர்தான் ஃபிரித்யோஃப் நான்சன்.

பனியில் நடந்தவர்

நான்சன் 1861ஆம் ஆண்டு நோர்வே நாட்டில் பிறந்தார். அவர் பிறந்த இடம் இன்றைய ஒஸ்லோ நகரத்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே பனிச்சறுக்கில் அவர் கெட்டிக்காரர். வளர்ந்ததும் விலங்குகளைப் பற்றிப் படித்து விஞ்ஞானி ஆனார்.

1888இல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்தார். 1893இல் ஃபிராம் என்ற கப்பலில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார். ஃபிராம் என்றால் முன்னோக்கி என்று பொருள். அந்தக் கப்பலை அவர் வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் சிக்கவிட்டார். ஏன் தெரியுமா? கடலில் பனிக்கட்டி மெல்ல மெல்ல நகரும். அது கப்பலையும் வடக்கே கொண்டுபோகும் என்று கணக்குப் போட்டார்.

கப்பல் நகர்ந்தது. ஆனால் துருவம் வரை போகாது என்று தெரிந்தது. அதனால் 1895இல் யோஹான்சன் என்ற தோழருடன் கப்பலை விட்டு இறங்கி, நாய்வண்டிகளோடு வடக்கே போனார். அதுவரை யாரும் போகாத தூரம் போனார்கள். ஆனாலும் துருவத்தை அடைய முடியவில்லை. திரும்பும் வழியில் குளிர்காலம் வந்துவிட்டது. கல்லும் தோலும் கொண்டு ஒரு குடிசை கட்டினார்கள். கரடி இறைச்சியைச் சாப்பிட்டுப் பல மாதங்கள் அதற்குள்ளேயே இருந்தார்கள். 1896இல்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பசி, குளிர், வீட்டு நினைவு எல்லாம் நான்சனுக்கு நன்றாகத் தெரியும்.

போர் மாற்றிய உலகம்

1914 முதல் 1918 வரை முதலாம் உலகப் போர் நடந்தது. போர் முடிந்தபோது உலகப் படமே மாறிவிட்டது. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, துருக்கி ஆகிய நான்கு பேரரசுகள் அழிந்தன. புதிய நாடுகளும் புதிய எல்லைகளும் தோன்றின. இனி நாடுகள் பேசித் தீர்க்கட்டும் என்று 1920இல் உலக நாடுகள் சங்கம் தொடங்கப்பட்டது.

போர் முடிந்தும் கைதிகளாகப் பிடிபட்ட வீரர்கள் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை. சிலர் தொலைவில் சைபீரியாவில் குளிரில் வாடினார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கம் நான்சனிடம் கொடுத்தது. பணம் குறைவு. ரயில்களும் கப்பல்களும் போதவில்லை. ஒன்றோடு ஒன்று பேசாத அரசுகளுடன் அவர் பேசினார். இரண்டு ஆண்டுகளில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

1921இல் ரஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்தது. நான்சன் உதவி கேட்டார். அரசுகள் கடன் தர மறுத்தன. அவர் சோர்ந்து போகவில்லை. பொதுமக்களிடம் போய்ப் பணம் திரட்டி உணவு அனுப்பினார்.

ஒரு தாளின் மதிப்பு

ரஷ்யாவில் புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்தபோது பல இலட்சம் பேர் வெளிநாடுகளுக்கு ஓடினார்கள். 1921இல் புதிய அரசு அவர்களில் மிகப் பலருடைய குடியுரிமையைப் பறித்தது. இப்போது அவர்களுக்கு நாடு இல்லை. கையில் பத்திரமும் இல்லை. பத்திரம் இல்லாமல் எல்லையைக் கடக்க முடியாது. வேலை தேடி வேறு நாட்டுக்குப் போகவும் முடியாது. எவ்வளவு கஷ்டம், பாருங்க!

1922இல் நான்சனின் முயற்சியால் ஒரு புதிய பத்திரம் வந்தது. அதை மக்கள் நான்சன் கடவுச்சீட்டு என்று அழைத்தார்கள். அது குடியுரிமை தரவில்லை. ஆனால் அதை வைத்திருப்பவர் யார் என்று சொன்னது. எல்லையைக் கடக்க உதவியது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. பிறகு ஆர்மீனிய அகதிகளுக்கும் அது கிடைத்தது.

அதே ஆண்டு நான்சனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தையும் அவர் உதவிப் பணிகளுக்கே கொடுத்தார்.

அவர் செய்த எல்லாமே எல்லோருக்கும் மகிழ்ச்சி தரவில்லை. கிரேக்கமும் துருக்கியும் போரிட்டபோது, இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ளும் திட்டத்துக்கு அவர் துணை நின்றார். அதனால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிறந்த ஊரை இழந்தார்கள். அது சரியா, தவறா என்று இன்றும் பேசுகிறார்கள்.

நான்சன் 1930 மே 13 அன்று காலமானார். ஆனால் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1951இல் அகதிகளுக்கான உலக ஒப்பந்தம் உருவானது. அகதிகளுக்குப் பயணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இலங்கையில் நடந்த போரினால் வெளியேறிய தமிழர் பலருக்கும் அத்தகைய பத்திரம் கிடைத்தது. நான்சன் பிறந்த நோர்வேயிலும் பல தமிழர் குடியேறினார்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு பழைய பத்திரம் இருக்கலாம். அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்க.

விடை சொல்லுங்கள்

1. நான்சன் கப்பலை ஏன் பனிக்கட்டிக்குள் சிக்கவிட்டார்?
2. பஞ்சத்துக்கு அரசுகள் கடன் தர மறுத்தபோது நான்சன் என்ன செய்தார்?
3. பத்திரம் இல்லாதவர்களுக்கு என்ன கஷ்டங்கள் வந்தன?
4. உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது? வீட்டில் கேட்டு ஐந்து வரிகள் எழுதுங்கள்.