போதும் என்ற அச்சுக்காரர்

கடை நன்றாக நடக்கிறது. வாடிக்கைக்காரர்கள் தேடி வருகிறார்கள். கையில் பணம் புரள்கிறது. அந்த நேரத்தில் யாராவது போதும் என்று எழுந்து போவார்களா?

போனார் ஒருவர். 1748-ம் ஆண்டில், அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் இது நடந்தது. அவர் ஓர் அச்சுக்கூட முதலாளி. அப்போது அவருக்கு வயது 42தான். நோயில் விழவில்லை. தொழில் நொடிக்கவும் இல்லை. மனத்துக்கு அமைதி வேண்டும், விரும்பியதைப் படிக்கவும் ஆராயவும் ஓய்வு வேண்டும் என்பதே காரணம்.

அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர். அவர் 20 ஆண்டுகள் கடைக்காரராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. கடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அறியவேண்டிய கதை அது.

மெழுகுவத்திக் கடைப் பையன்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா, மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு 17 பிள்ளைகள். அவர்களில் 15-வது பிள்ளை பெஞ்சமின்.

அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும். ஆகவே பெஞ்சமினின் பள்ளிப் படிப்பு 2 ஆண்டுகளோடு நின்றது. 10-வது வயதில் அப்பாவின் கடையில் திரி வெட்ட உட்கார்ந்தான். அந்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. கையில் கிடைத்த காசையெல்லாம் புத்தகம் வாங்கச் செலவிட்டான். இதைப் பார்த்த தந்தை, 12-வது வயதில் அவனை அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக விட்டார்.

தொழில் நன்றாக வந்தது. ஆனால் அண்ணனுக்கு முன்கோபம். அடியும் விழுந்தது. 1723-ம் ஆண்டில், 17 வயதில், பெஞ்சமின் ஒருவரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டான்.

பிலடெல்பியாவில் படகை விட்டு இறங்கியபோது கையில் சொற்பக் காசுதான் இருந்தது. மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கினான். ஒன்றைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். அந்தக் கோலத்தை ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் பார்த்தாள். அவள் பெயர் டெபோரா. பிற்காலத்தில் அவருக்கு மனைவியாக வந்தவள் அவளே. மீதி இரண்டு ரொட்டிகளைப் படகில் கூட வந்த ஓர் ஏழைத் தாய்க்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டான்.

தள்ளுவண்டி முதலாளி

1728-ம் ஆண்டில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பிராங்க்ளின் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். கூட்டாளி குடிப்பழக்கம் உள்ளவர். இரண்டு ஆண்டுகளில் அவர் விலகினார். நண்பர்கள் இருவர் கொடுத்த கடனால் தொழில் முழுவதும் பிராங்க்ளின் கைக்கு வந்தது. கடனும் அவர் தலையில் வந்தது.

அவர் விடியற்காலையில் எழுந்தார். இரவு வெகுநேரம் வரை அச்சுக் கோத்தார். அச்சுக்கு வேண்டிய காகிதத்தை வாங்கி, தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வந்தார். இவர் உழைப்பாளி, கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று ஊரார் நம்ப வேண்டும் அல்லவா? அதற்காகவும்தான்!

1730-ம் ஆண்டு டெபோரா அவருடைய வாழ்வில் சேர்ந்தார். புத்தகங்களை மடித்தார், தைத்தார், கடையைப் பார்த்துக்கொண்டார். காகிதம் செய்பவர்களுக்கு விற்பதற்காகக் கந்தல் துணி வாங்கிச் சேர்த்தார். வேலைக்காரர்களைக் கொண்டு ஆடம்பரமாக வாழாமல், கணவரோடு தாமும் உழைத்தார்.

பிராங்க்ளின் 1729-ல் ஒரு பத்திரிகையை வாங்கி நடத்தினார். 1732-ல் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். பழமொழிகளும் வேடிக்கைகளும் நிறைந்த அந்தப் பஞ்சாங்கம் ஆண்டுக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றது. கடன் தீர்ந்தது. செல்வம் சேர்ந்தது.

அட்டவணை தோற்றது

கடை வளர வளர ஒரு தொல்லையும் வளர்ந்தது. தொழிலுக்கு எவ்வளவு நேரம்? படிப்புக்கு எவ்வளவு நேரம்? வீட்டுக்கும் நண்பர்களுக்கும் எவ்வளவு நேரம்?

பிராங்க்ளின் ஓர் அட்டவணை போட்டார். காலை 5 மணிக்கு எழுந்திருப்பது. இன்று என்ன நல்ல காரியம் செய்யலாம் என்று யோசிப்பது. 8 மணி முதல் வேலை. நடுப்பகலில் சாப்பாடு, படிப்பு, கணக்குப் பார்ப்பது. பிறகு மாலை வரை வேலை. அதன்பின் பொருள்களை அவற்றின் இடத்தில் வைப்பது, உணவு, பாட்டு, பேச்சு. இரவு 10 மணிக்குப் படுக்கை.

அதோடு, பழகவேண்டிய 13 குணங்களையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்தார். ஒவ்வொரு நாளும் செய்த தவறுக்குக் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். புள்ளிகளை அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது! பிறகு துடைத்தெழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார்.

அந்த 13 குணங்களில் ஒன்று ஒழுங்கு: ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய நேரம். இன்னொன்று மன அமைதி: சிறு விஷயங்களுக்கும், தவிர்க்க முடியாத சங்கடங்களுக்கும் கலங்காமல் இருப்பது.

ஒழுங்குதான் அவரை அதிகமாகச் சோதித்தது. காரணம் என்ன? கூலிக்கு வேலை செய்பவனுக்கு மணிக்கணக்கு உண்டு. கடை முதலாளிக்கு இல்லை. வாடிக்கைக்காரர் தமக்கு வசதியான நேரத்தில்தான் வருவார். அவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? நாளைத் தராசில் வைத்துச் சரிபாதியாக நிறுக்கப் பார்த்தார் பிராங்க்ளின். தராசு ஒரு நாளும் சமமாக நிற்கவில்லை. வயதான பிறகு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இந்தத் தோல்வியை அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

எழுத்தில் இருந்தால் சண்டை இல்லை

அட்டவணை செய்யாததை வேறொரு வழி செய்தது. நம்பிக்கையான ஆளிடம் பொறுப்பைக் கொடுப்பதே அந்த வழி.

1731-ம் ஆண்டில், தம்மிடம் வேலை செய்த ஒருவரைத் தெற்கே உள்ள சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பி அச்சுக்கூடம் வைக்கச் செய்தார். யந்திரமும் எழுத்தும் பிராங்க்ளினுடையவை. செலவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஆறு ஆண்டு ஒப்பந்தம். பிறகு வேறு ஊர்களிலும் இப்படியே செய்தார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கூட்டாளிகளில் பெரும்பாலோர் யந்திரத்தை விலைக்கு வாங்கிச் சொந்தக்காரர் ஆனார்கள்.

கூட்டு வியாபாரம் பெரும்பாலும் சண்டையில் முடியும். பிராங்க்ளினின் கூட்டுகள் அப்படி முடியவில்லை. யார் எதைச் செய்யவேண்டும், யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்ததுதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

சார்ல்ஸ்டனில் இரண்டாவதாக இருந்த கூட்டாளி 1738-ல் இறந்துபோனார். அவர் ஒருநாளும் ஒழுங்காகக் கணக்கு அனுப்பியவர் அல்லர். விதவையான எலிசபெத் திமோதி பொறுப்பேற்றார். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு தொழிலை நடத்தினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தவறாமல் வந்தது. இறுதியில் அச்சுக்கூடத்தையே வாங்கித் தம் மகனுக்குக் கொடுத்தார். பெண் குழந்தைகளுக்குப் பாட்டையும் நடனத்தையும்விடக் கணக்குக் கற்பிப்பதே பெரிய நன்மை என்று பிராங்க்ளின் கருதியது இந்த அம்மையாரைப் பார்த்துத்தான்.

போதும்!

1744-ம் ஆண்டு டேவிட் ஹால் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிலடெல்பியாவுக்கு வந்து பிராங்க்ளினிடம் வேலைக்குச் சேர்ந்தார். கைத்தொழிலில் கெட்டிக்காரர், நாணயமானவர். நான்கு ஆண்டுகள் அவரைப் பார்த்த பிராங்க்ளின், 1748-ல் அச்சுக்கூடம் முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டார். லாபத்தில் பாதி பிராங்க்ளினுக்கு, பாதி ஹாலுக்கு. 18 ஆண்டுகள் கழித்துத் தொழில் ஹாலுக்கே சொந்தம்.

தாமே இருந்து நடத்தியிருந்தால் முழு லாபமும் கிடைத்திருக்கும். இன்னும் பல ஊர்களில் கடை திறந்திருக்கலாம். பிராங்க்ளின் அந்தப் பக்கம் போகவில்லை. இவ்வளவு போதும் என்று ஒரு கோடு போட்டார். புத்தக வியாபாரத்தையும் விட்டார். ஊரின் சந்தடி இல்லாத பகுதிக்குக் குடிபோனார்.

ஹாலும் நம்பிக்கையைக் காப்பாற்றினார். 18 ஆண்டுகளும் பங்குத்தொகை ஒழுங்காக வந்தது.

அந்த அமைதியில்தான் மின்சார ஆராய்ச்சி முழுமை பெற்றது. 1752-ல் இடிமழையில் பட்டம் விட்டு, மின்னலும் மின்சாரமே என்று காட்டினார். இடிதாங்கி உலகுக்குக் கிடைத்தது. அவர் முன்பு அமைத்த ஓர் அடுப்புக்குத் தனியுரிமை தருவதாக மாகாணத் தலைவர் சொன்னபோதும் அவர் வேண்டாம் என்றார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் நன்மை அடைகிறோம். நம்முடையதைப் பிறருக்கு இலவசமாகக் கொடுப்பதே முறை என்பது அவர் எண்ணம்.

மறுபக்கம்

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயம் ஆகாது.

பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அவருக்குக் கிடைத்த ஓய்வில், ஓய்வே இல்லாத அந்த மனிதர்களின் உழைப்பும் கலந்திருந்தது. முதுமையில் அவர் மனம் மாறினார். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790-ல் அடிமை முறையை எதிர்த்து அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார்.

டெபோராவின் கதை இன்னும் உருக்கமானது. கடையை விட்ட பிராங்க்ளினைப் பொதுவாழ்வு பிடித்துக்கொண்டது. 1757-ல் லண்டனுக்குப் போனவர் 1762-ல் திரும்பினார். 1764-ல் மறுபடியும் போனார். கடல் பயணத்துக்கு அஞ்சிய டெபோரா ஊரிலேயே இருந்தார். 1765-ல் முத்திரை வரியால் ஆத்திரமடைந்த கூட்டம் வீட்டைத் தாக்கும் என்ற பேச்சு எழுந்தது. அப்போதும் அவர் ஓடவில்லை. துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வீட்டைக் காத்து நின்றார். 1767-ல் மகள் சாராவின் கல்யாணம் தகப்பனார் இல்லாமலே நடந்தது. 1774 டிசம்பரில் டெபோரா காலமானார். கணவரைக் கண்ணால் பார்த்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடையில் போதும் என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பொதுவாழ்வில் அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஒரு தொல்லையை விட்டவர் அந்த இடத்தில் இன்னொரு தொல்லையை வைத்துக்கொண்டார். சம்பாதித்த அமைதி வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்றால், அதன் விலையை மற்றவர் கொடுக்க நேர்கிறது.

உயிலில் ஒரு சொல்

அமெரிக்கச் சுதந்திரத்துக்குப் பாடுபட்டு, பிரான்சில் தூதராக இருந்து, உலகப்புகழ் பெற்ற பிராங்க்ளின் 1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில் காலமானார். அவருடைய உயிலில், தம் பெயருக்கு அடுத்து, மற்ற பதவிகளுக்கெல்லாம் முன்னால், அச்சுக்காரர் என்றே குறித்திருந்தார்.

பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு 1,000 பவுன் எழுதி வைத்திருந்தார். தொழில் பழகி முடித்த இளம் தொழிலாளிகளுக்கு, சொந்தத் தொழில் தொடங்க, ஆண்டுக்கு 5 சதவிகித வட்டியில் கடன் கொடுப்பதற்காக அந்தப் பணம். தள்ளுவண்டி தள்ளிய நாளில் நண்பர்கள் இருவர் கொடுத்த கடனை அவர் மறக்கவில்லை.

கடை வைத்திருப்பவர்கள் இரவில் கல்லாவை எண்ணும்போது பிராங்க்ளினை நினைக்கலாம். எவ்வளவு வந்தது என்று எண்ணுவதோடு, எவ்வளவு வந்தால் போதும் என்றும் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கை வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுவது நல்லது.