வள்ளலார் நீக்கிய சொல்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் தோன்றிய இராமலிங்க அடிகள், இளமையில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர். பின்னர்த் தில்லைக் கூத்தனில் தோய்ந்தவர். சைவத்தில் ஊறிய அவர் 1865இல் தாம் கண்ட அமைப்பிற்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்றே பெயரிட்டார். 1872இல் அப்பெயரைத் தாமே திருத்தினார். வேத என்னும் சொல் நீங்கிற்று. சுத்த, சத்திய என்பன சேர்ந்தன. பெயர் மாற்றந்தானே என்று கடந்து செல்லற்பாலது அன்று இது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்பிருந்த சைவப் பற்றும் அகன்றுவிட்டதை அவர் வெளிப்படையாகவே உரைத்தார். தம் பழம்பாடல்களையே கடந்து நிற்கும் துணிவு புலவர்க்கு எளிதில் வாய்ப்பதோ?

அன்பர்களுக்கு அது வாய்க்கவில்லை. 1867இல் பாடல்களைப் பதிப்பித்த தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றைத் திருமுறைகளாக வகுத்தார். ஆறுமுக நாவலர் சீறி மறுத்தார். போற்றியவர், மறுத்தவர் இருதிறத்தார் கையிலும் இருந்தது பழைய அளவுகோலே. அடிகளின் முதிர்ந்த கருத்துகள் நிற்கும் ஆறாம் திருமுறையோ 1885இல்தான் அச்சேறிற்று. ஒளி வழிபாட்டிற்கென 1872 தைப்பூசத்தில் வடலூரில் தொடங்கிய ஞானசபையிலும், அவர் 1874இல் மறைந்தபின், இலிங்க பூசை புகுந்தது. அது அவர் நெறிக்கு மாறானது என 2006இல் அறநிலையத்துறை ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது.

1867 மே 23இல் மூட்டிய தருமசாலை அடுப்பு மட்டும் இன்றளவும் அணையவில்லை. பசித்து வருவோரிடம் அங்கே எவரும் சமயம் கேட்பதில்லை.