பெயர் எழுதப்படாத முகங்கள்: பொகவந்தலாவையில் உறங்கும் ஜூலியா கமரன்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் டிக்கோயாவை அடைந்ததும் கிளங்கன் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இறங்கத் தொடங்குவார்கள். கிளங்கன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிரசவமும் குளவிக்கொட்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். 2017இல் இந்தியப் பிரதமர் வந்து புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. ஆனால் ஆங்கிலேயர் கிளென்கேர்ன் என்று அழைத்த டிக்கோயாத் தோட்டத்தில், 1879 ஜனவரி 26ஆம் திகதி, உலகம் இன்றும் கொண்டாடும் ஒரு புகைப்படக் கலைஞர் இறந்துபோனார் என்பது ஊடகக் கற்கையில் அவருடைய படங்களைப் பாடமாகப் படிக்கும்வரை எனக்கும் தெரியாது.

அவர் ஜூலியா மார்கரெட் கமரன். பெயரின் பிற்பாதி எங்களுக்குப் பழக்கமானது. பாடசாலையில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி இவர்.

இந்தப் பயணத்துக்கு எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கும் அவருடைய கல்லறையைப் பார்ப்பது. மற்றது, கொழும்பில் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய 70–300 லென்ஸ் உருப்படியானதா என்று சோதிப்பது. கட்டுரைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கும் என்னைப் போன்றவர்களுக்குப் புதிய நீள லென்ஸ் எட்டாத விலை. இரண்டும் வேறு வேறு வேலை என்று நினைத்துத்தான் புறப்பட்டேன்.

கல்கத்தாவிலிருந்து வைற் தீவுக்கு

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அதிகாரி. தாய் பிரெஞ்சு வழி வந்தவர். உடல் தேறுவதற்காக 1836இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போன இடத்தில் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர், பெரிய தொலைநோக்கியோடு அங்கே தங்கித் தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வானியலாளர் சேர் ஜோன் ஹெர்ஷல். புகைப்படம் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றிப் பிற்காலத்தில் ஜூலியாவுக்குக் கடிதத்தில் சொன்னவர் இவர்தான். மற்றவர் சார்ள்ஸ் கமரன். ஜூலியாவை விட 20 வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சார்ள்ஸ் இலங்கையில் தன் வேலையை முடித்திருந்தார். ஆணைக்குழுவில் நிர்வாகமும் வருமானமும் கோல்புறூக்கின் பொறுப்பு. நீதித்துறை கமரனின் பொறுப்பு. அவர்களுடைய அறிக்கைகளின் பேரில்தான் இராஜகாரிய முறை ஒழிந்தது. 1833இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டு ஒரே மத்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. கண்டிக்கு இருந்த தனி நிர்வாகம் முடிவுக்கு வந்தது. தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் ஒற்றையாட்சியின் கதையை அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். சார்ள்ஸ் அறிக்கை எழுதியதோடு நிற்கவில்லை. மலைநாட்டில் காணிகளையும் வாங்கினார். அவை கோப்பித் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தபோதுதான் எங்கள் முன்னோர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

1848இல் கமரன் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860இல் வைற் தீவின் பிரெஷ்வோட்டரில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. எங்கள் டிம்புள்ளதான் அது. இலங்கைத் தோட்டத்தின் நினைவாக வைத்த பெயர்.

48 வயதில் கிடைத்த கமரா

1863 டிசம்பர். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். தனிமையில் இருந்த ஜூலியாவுக்கு மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூடு ஸ்ரூடியோவானது. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. படமெடுக்கப்படுகிறவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத் தன் முதல் வெற்றி என்று அவரே குறித்துவைத்தார்.

அந்தக் கமராவில் இருந்தது பாரிஸில் ஜமின் என்பவர் செய்த லென்ஸ். வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு வடிவமைத்த முகப்பட லென்சைப் பின்பற்றிச் செய்தது. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். நடுப்பகுதி தெளிவாக விழும். ஓரத்துக்குப் போகப் போகக் குழம்பிவிடும். இன்னொரு குறையும் உண்டு. கண் பார்க்கும் மஞ்சள் வெளிச்சமும் அந்தக் காலத் தகட்டில் பதியும் நீல வெளிச்சமும் இத்தகைய லென்சில் ஒரே இடத்தில் குவிவதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது தகட்டில் மங்கலாக வரும்.

ஜூலியாவின் படங்கள் மங்கலாகவே இருந்தன. லண்டன் புகைப்படச் சங்கத்தார் கேலி செய்தார்கள். குவியம் இல்லை, தகட்டில் கீறல், விரல் அடையாளம் என்று பட்டியலிட்டார்கள். ஆனால் இன்று விக்டோரியா அன்ட் அல்பேர்ட் என்று பெயர் கொண்ட அருங்காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது.

குறை கண்ணாடியிலா, கையிலா?

வாங்கிய லென்ஸ் நல்லதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. நோர்வூட்டில் இறங்கி நான் செய்ததைச் சொல்கிறேன். வெளுத்த வானத்துக்கு எதிரே தெரிந்த மின்கம்பியைப் படமெடுத்தேன். கம்பியின் ஓரத்தில் ஊதா நிறம் வழிந்தால், நிறங்களை ஒன்றாகக் குவிக்கத் தெரியாத கண்ணாடி என்று பொருள். அடுத்து, கடைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டிகளை நேரெதிரே நின்று எடுத்தேன். நடுவில் உள்ள எழுத்தும் மூலையில் உள்ள எழுத்தும் ஒரே மாதிரி வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு விளக்குக் கம்பத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து, அது வளைகிறதா என்று பார்த்தேன். கடைசிச் சோதனை அந்தி வெளிச்சம். வெயிலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்.

மலிவான நீள லென்சில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 300 என்ற இலக்கத்தைப் பார்த்துத் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும் என்று நினைத்துவிடுவோம். பெரிதாகத் தெரிவது வேறு, தெளிவாகத் தெரிவது வேறு. பெரும்பாலும் கடைசி இலக்கத்தில்தான் மலிவு லென்ஸ் காலை வாரும். மலைநாட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த லென்சும் தோற்றுப்போகும்.

சினைப்பர் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கியைத் தெரிவு செய்பவர்களும் இதே நிறவழிவையும், இதே ஓரத் தெளிவையும், இதே அந்தி வெளிச்சத்தையும்தான் பார்ப்பார்கள். கண்ணாடிக்கு வித்தியாசம் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நீளக் குழாய் ஒன்று தன் பக்கம் திரும்பினால் படமெடுக்கிறார்கள் என்று உடனே சிரித்துக்கொண்டு நிற்கிற மனம் போரைப் பார்த்தவர்களுக்கு இல்லை. வன்னியில் வேலை செய்யும்போது நீள லென்சைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் அனுமதி கேட்கப் பழகிக்கொண்டேன்.

ஜூலியாவுக்கு வருவோம். 1866 அளவில் அவர் பெரிய கமராவுக்கு மாறினார். 15க்கு 12 அங்குலத் தகடு. லண்டனின் டோல்மேயர் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த புதிய லென்ஸ். நேர்கோடு நேர்கோடாகவே விழும், ஓரமும் நன்றாக இருக்கும் என்று பெயர் வாங்கிய லென்ஸ் அது. அதிலும் அவருடைய முகங்கள் மென்மையாகவே வந்தன. இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. கண்ணாடியை மாற்றிய பிறகும் மங்கல் தொடர்ந்தால் அது கண்ணாடியின் குறையல்ல. முகம் தனக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் குவியத்தை நிறுத்திவிடுவேன் என்று தன் நினைவுக் குறிப்பில் அவரே விளக்கியிருக்கிறார். 1867இல் எடுத்த ஹெர்ஷலின் முகத்தில் தலைமயிர் கலைந்து ஒளியாகப் பறக்கிறது. கண்களில் மட்டும் ஒரு வாழ்நாள் முழுதும் வானத்தைப் பார்த்த களைப்பு இருக்கிறது. டார்வின், கார்லைல், கவிஞர் டெனிசன் என்று அந்தக் காலத்தின் பெரிய முகங்கள் எல்லாம் அவருடைய தகட்டுக்கு வந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் இருந்தது.

களுத்துறையில் நின்றவர்கள்

1875 ஒக்டோபரில் கமரன் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். இங்கிலாந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை. கோப்பிக்கும் கெட்ட காலம் தொடங்கியிருந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. இருவரும் தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றும், அவற்றுக்குள் கண்ணாடிப் பொருட்களை அடுக்கியிருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

களுத்துறையில் மகனின் வீட்டில் இருந்தபோது ஜூலியா மறுபடி கமராவைத் தூக்கினார். வெக்கையும், இரசாயனத் தட்டுப்பாடும், நல்ல தண்ணீர் கிடைக்காததும் வேலையைக் குறைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவரின் இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. அவற்றில் சேலை கட்டிய பெண்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் உழைத்தவர்கள் என்றும், தமிழர்கள் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காணும் முகங்கள் இருக்கின்றன. ஒருவருடைய முதுகு அழகாக இருந்தது என்பதற்காகவே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார் என்று, அங்கே விருந்தாளியாகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் எழுதிவைத்தார். அந்த வீட்டில் தோட்டமே இருக்கவில்லையாம்.

1878இல் எடுத்த ஒரு படத்தில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இன்னொருவரும் நிற்கிறார்கள். களுத்துறைக் குடியானவர்கள் என்பது தலைப்பு. சிறுமிக்கு 12 வயது, முதியவர் தனக்கு 100 வயது என்றும் தான் அவளுடைய தகப்பன் என்றும் சொல்கிறார் என்று ஜூலியா கீழே குறித்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டாரோ இல்லையோ, எழுதவில்லை. ஹெர்ஷலின் முகத்துக்கு அவ்வளவு நெருங்கிப் போன கமரா, இங்கே பெரும்பாலும் சில அடிகள் தள்ளியே நின்றுவிட்டது.

இதை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். என் பெரியம்மாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளிநொச்சிக்குப் போனது. அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில். 2009இல் அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டார். எஞ்சிய படம் ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் கண்ணும் மூக்கும் புள்ளிகளாகிவிட்டன. எந்த லென்ஸ் சோதனையிலும் அந்தப் படம் தேறாது. 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டகைக்குப் பெரியம்மா அதைத்தான் நெஞ்சில் பிடித்துக்கொண்டு போனார். கீழே தடித்த எழுத்தில் பெயர் இருக்கும். அந்தப் பெயர் இருப்பதால்தான் மங்கலான அந்தத் தாள் ஒரு சாட்சியமாக நிற்கிறது. களுத்துறைச் சிறுமியின் படம் அருங்காட்சியகத் தரத்தில் இருந்தும், அவள் யாருடைய பூட்டி, யாருடைய கொள்ளுப்பாட்டி என்று தேட வழியில்லை.

சென் மேரிஸ் வளவு

1878இல் ஜூலியா ஒருமுறை இங்கிலாந்து போய்த் திரும்பினார். அடுத்த ஜனவரியில் டிக்கோயாவில் நோயுற்று இறந்தார். அப்போது ரயில் நாவலப்பிட்டி வரைதான் வந்திருந்தது, ஹட்டனுக்கு வந்தது 1884இல். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் அவருடைய உடலை மலைப்பாதை வழியே பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது. சார்ள்ஸ் 1880 மே மாதம் இறந்து அருகிலேயே அடக்கமானார். தீவை ஒரே நிர்வாகமாக்கிய அறிக்கைக்காரரும், முகங்களை மங்கலாக எடுத்த அவருடைய மனைவியும், தேயிலை மலைகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். கல்லில் பெயர் இருக்கிறது. அந்த மலைகளில் உழைத்து அதே மண்ணுக்குள் போன எங்கள் ஆட்களின் மேடுகளில் பெயர்க்கல் தேடினால் கிடைப்பது அரிது.

அவரைத் திட்டிவிட்டு வர நான் போகவில்லை. 48 வயதில், தெரியாத தொழிலை, கேலிக்கு நடுவே கற்றுக்கொண்ட பெண் அவர். தெளிவு மட்டுமே படமல்ல என்று உலகுக்குக் காட்டியவர். அவருக்குக் கைவந்த அவ்வளவும் எனக்கு வராது. அவர் விட்ட ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியும்.

திரும்பும்போது பாதையோரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டு அவரைப் படமெடுத்தேன். 300இல் கூடையின் ஓரத்தில் ஊதா வழிந்தது, முகம் குழைந்தது. 200க்கு இறக்கியதும் நெற்றி வியர்வை வரை தெரிந்தது. கொடுத்த காசுக்கு மோசமில்லை, வைத்துக்கொள்வேன். பிறகு மேட்டில் ஏறிப் போய் அவருடைய பெயர், தோட்டம், டிவிஷன், திகதி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். பெயரைச் சரியாக எழுதினேனா என்று அவர் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.