கன்ஸ்ட்ரக்டர் எங்கிருந்து வந்தது? யார் இந்த கிறிஸ்டன் நிகார்ட்?

ஜாவா, பைத்தான், சி பிளஸ் பிளஸ்... எதுல கோடு எழுதினாலும் கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டிப் போக முடியாது. ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே ஓடுற கோடு அது. இதற்கு விதை போட்ட இருவரில் ஒருவர், நார்வேயைச் சேர்ந்த கிறிஸ்டன் நிகார்ட்.

1926-ல் ஆஸ்லோவில் பிறந்தவர். 1948-ல் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டார். 1960-ல் நார்வே கணினி மையத்துக்கு மாறினார். அங்கே ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து உருவாக்கிய மொழிதான் சிமுலா.

அவர்களுக்கு என்ன தேவை இருந்தது? கவுன்டரில் நிற்கும் வரிசையை கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கணும்னா, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கான தகவலோடும் செயலோடும் உள்ளே வரணும். அதற்காக சிமுலா 67-ல் கிளாஸ் வந்தது. 'நியூ' போட்டு மதிப்புகளைக் கொடுத்தால் ஆப்ஜெக்ட் உருவாகும். கிளாஸுக்குள் எழுதிய கட்டளைகளும் அப்போதே ஓடும். தனியாக கன்ஸ்ட்ரக்டர் கிடையாது, கிளாஸே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. சிமுலாவில் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பின்னாளில் சி பிளஸ் பிளஸ் ஆன தன் மொழியை 1979-ல் தொடங்கினார். அதில் இந்த வேலை தனி ஃபங்ஷன் ஆனது.

இன்றைய டிசைன் விதி இதிலிருந்து வளர்ந்ததுதான்: ஆப்ஜெக்ட்டுக்குத் தேவையானதைப் பிறக்கும்போதே கொடுத்துடணும். கணக்கு எண் இல்லாமல் ஒரு வங்கிக் கணக்கை உருவாக்கிட்டு, 'அப்புறம் செட் பண்ணிக்கலாம்'னு விட்டா என்ன ஆகும்? யாரோ ஒருத்தர் மறப்பார், பக் அங்கேதான் முளைக்கும். எண் வராவிட்டால் கணக்கே உருவாகக் கூடாது. அதைத் தடுக்க வேண்டிய இடம் கன்ஸ்ட்ரக்டர்.

நிகார்ட் கோடோடு நிற்கவில்லை. தொழிற்சாலைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, அதைத் திட்டமிட்டது நிர்வாகம். வேலைமுறை மாறியது தொழிலாளிக்கு. எல்லாம் முடிந்த பிறகு கருத்துக் கேட்டு என்ன பயன்? 1970-களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இறங்கி வேலை செய்தார். புதிய கணினி அமைப்பைத் திட்டமிடும்போதே தொழிலாளர்களுக்குத் தகவலும் பங்கும் தர வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் நார்வேயில் உருவாக அந்த முயற்சி வழிவிட்டது.

அரசியலிலும் இறங்கினார். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1994 வாக்கெடுப்பில் மக்களும் வேண்டாம் என்றார்கள்.

நிகார்டுக்கும் டாலுக்கும் 2001-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002 ஜூனில் டால் இறந்தார், ஆகஸ்டில் நிகார்ட். அவர்கள் சிமுலாவில் பயன்படுத்திய 'நியூ' என்ற சொல்லைத்தான் ஜாவாவில் இன்றும் டைப் செய்கிறோம்.