இரணவைத்தியம் தமிழில் தந்த கிறீன்

கரைவலை இழுப்போரும் உப்பு மூடை சுமப்போரும் வாழும் நம் புத்தளக் கரையில் குடலிறக்கம் புதிய பெயரன்று. அந்நோய்க்குரிய இரணசிகிச்சையைத் தமிழிலே கற்பித்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். அமெரிக்காவில் 1822இல் பிறந்த அன்னார், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்தார். 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே பயிற்றினார். துறூயிற்று என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1867இல் ‘இரணவைத்தியம்’ எனத் தமிழாக்கி வெளியிட்டார். மதம் பரப்ப வந்த மிஷனரியே அவர்; ஆயினும் சைவராகிய நாம் அவர்தம் தமிழ்த்தொண்டை மறத்தல் தகாது.

அக்காலத்தில் பிதுங்கிய குடலைக் கையால் உட்செலுத்திக் கச்சை கட்டுவர். குடல் நெரிபட்டால், அது அழுகுமுன் அறுத்து விடுவிப்பர். உயிர் தப்பினும் நோய் மீளும். தசைச்சுவரை அடுக்காய்த் தைத்து வலுப்படுத்தும் முறையை இத்தாலியில் பசினி தொடங்கியது 1884இல். 1873இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884 மே மாதத்திலேயே காலமாகிவிட்டார்.